பாக்கார்டு காரின் சம்மனசு

அம்புரோஸ் அதைத் திருடவேண்டும் என்று எடுக்கவில்லை. திருடியிருந்தால்கூடத் தேவலை, திருடனுக்கு உரிய தைரியமாவது மிஞ்சியிருக்கும். இவன் செய்ததோ அதைவிடக் கேவலம்.

ராயபுரத்தில் கிருஷ்ணப்பன் என்பவருடைய மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு மெருகு போடும் வேலை. பம்பர், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி என்று காரில் பளபளக்க வேண்டியதெல்லாம் அவன் பொறுப்பு. உப்புக்காற்று எந்த முலாமையும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் விட்டுவைக்காது, ஆகையால் வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த அக்டோபரில் தோல் வியாபாரி ஒருவரின் பழைய பாக்கார்டு கார் வந்தது. அதன் பானட் நுனியில் ஒரு பொம்மை. இறக்கை விரித்த பெண்ணொருத்தி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சின்னச் சக்கரம் ஒன்றை ஏந்தியிருந்தாள். ஆட்டம் கண்டிருந்த அவளைப் பிட்டர் வேலை பார்த்த ராசையா கழற்றி, அடியில் புதுத் திருகு மரை வெட்டி, சனிக்கிழமை மத்தியானம் அம்புரோஸின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அப்போது அம்புரோஸ் அங்கே இல்லை.

இறகு இடுக்கில் வருஷக்கணக்காக அடைந்த அழுக்கு. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தேய்த்துத் திங்கட்கிழமை கொண்டுவந்துவிடலாம் என்று அம்புரோஸ் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனான். ஒர்க்‌ஷாப்பில் இது வழக்கம்தான். வழக்கத்தில் இல்லாதது அடுத்து நடந்தது. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் மனைவி வியாகுலம்மாள் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"சம்மனசா? எனக்கா வாங்கினு வந்தே?" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு முழம் பூகூட அவன் தானாக வாங்கி வந்தவனில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததும் அந்த மகராசனுக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது. ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தான். இறக்கையைப் பார்த்து அதைச் சம்மனசு, அதாவது தேவதூதர் என்றும், சக்கரத்தைக் கிரீடம் என்றும் அவள் நினைத்தாள். வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் தலையில் வைக்கச் சம்மனசு மோட்சத்திலிருந்து கொண்டுவருகிறதாம். மாதா படத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து முழந்தாளிட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை கிருஷ்ணப்பன் பொம்மை எங்கே என்று கேட்டார். அம்புரோஸின் மேஜையில் வைத்தேன் என்றான் ராசையா. எல்லோரும் அம்புரோஸைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கல" என்றான் அவன்.

இரண்டே வார்த்தை. நாளைக்கு எப்படியாவது கொண்டுவந்து எங்காவது கிடந்ததுபோல் போட்டுவிடலாம் என்று அவனுக்கு நினைப்பு. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ராசையாவின் டிரங்குப்பெட்டியைக் கொட்டிப் பார்த்து, பொம்மை வரும்வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன். மறுநாளிலிருந்து துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போனான். அவன் மனைவி ஐரீன் கோவிலுக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதே தெருவில் பத்து வீடு தள்ளி அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்த பொம்மையை எடுக்கவும் வழியில்லாமல், அம்புரோஸ் அந்த வழியே போகாமல் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் அந்தத் தெருவில் மாதா சிலை, சுரூபம் என்பார்கள், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டு ஆம்பிளையே கையில் ஏந்திப் போய் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அந்த வருஷம் சுரூபம் வர்ணம் பூசப் போனது இன்னும் திரும்பவில்லை. அதனாலென்ன, வியாகுலத்தின் சம்மனசு வரட்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். முதலில் யார் வீட்டுக்கு என்ற பேச்சே எழவில்லை. கஷ்டத்தில் இருப்பது ஐரீன் வீடு.

வயிற்றுவலி என்றான் அம்புரோஸ். சுக்குக் கஷாயம் கொடுத்தாள் வியாகுலம்மாள். நீயே கொண்டுபோ என்றான். பொம்பளை ஏந்துகிற வழக்கம் எப்போதிருந்து என்று கேட்டாள். கடைசியில், மல்லிகைச் சரம் சுற்றிய பொம்மையை ஏந்தி, பின்னால் தெருவே பாட்டுப் பாடிக்கொண்டு வர, நட்டநடுத் தெருவில் நடந்தான். நெற்றியில் வேர்வை வடிந்ததைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் ராசையா குளித்து வெள்ளை வேட்டி கட்டி நின்றிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான். அவன் கட்டைவிரல் பொம்மையின் அடியில் இருந்த மரையில் பட்டது. அவனே வெட்டிய மரை. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அம்புரோஸைப் பார்த்தான்.

கத்தப் போகிறான் என்று அம்புரோஸ் காத்திருந்தான். கத்தியிருந்தால் உயிர் வந்திருக்கும். ராசையாவோ கிட்ட வந்து காதோரம், "வியாகுலம் தங்கச்சி இத்தினி பேர் எதிர்ல நிக்குது. அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பொம்மையைப் பீடத்தில் வைத்தான்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். ஜெபமாலை முடிந்ததும் ஐரீன் முந்தானையை ஏந்தி வாய்விட்டு மன்றாடினாள்.

"எம் புருசன் கை சுத்தம்னு நீதான் காட்டணும், சம்மனசே. எடுத்தவன் யாரா இருந்தாலும் அவனுக்கு நல்ல புத்தி குடு."

ஆமென் என்று தெருவே சொன்னது. வியாகுலம்மாள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அம்புரோஸ் எழுந்து நின்றான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பத்து நாள் மென்று முழுங்கியதை இப்போது வாய்விட்டுச் சொன்னான்.

"ராசையா எடுக்கல. நான்தான் எடுத்தேன். இது சம்மனசு இல்ல, பாக்கார்டு கார் பொம்மை. மொதலாளி கேட்டப்போ தெரியாதுன்ட்டேன். எம் பொண்டாட்டி கிட்டயும் பொய் சொன்னேன்."

ஐரீன் ஏந்திய முந்தானையை இறக்க மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாகுலம்மாள் எழுந்தாள். புருஷன் பக்கம் திரும்பவேயில்லை. பீடத்தருகே போய் மல்லிகைச் சரத்தைக் கழற்றினாள். சக்கரத்தில் சொட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி, புடவைத் தலைப்பால் இறக்கை இரண்டையும் துடைத்தாள். அழுக்கு ஒரு துளி இல்லாமல் துடைத்தாள்.

அம்புரோஸ் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் ராசையாவிடம் கொடுத்தாள்.

"அண்ணே, காலைல நீங்களே எடுத்துகினு போய் மொதலாளி கைல குடுங்க. இவுரு உங்க பின்னாலயே வந்து, இப்ப சொன்னத அங்கயும் சொல்லட்டும். இவுரு கைல இத்த நான் குடுக்க மாட்டேன்."

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அம்புரோஸுக்குத் தெரியவில்லை.