ஜக்கம்மாள் புஞ்சைக்கு மதிப்புப் போட்ட கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்காண்டியம் என்று ஓர் உலோகம் இருப்பதே போன மாதம்வரை எனக்குத் தெரியாது. நரிக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், சுரங்க இலாகாவில் இருந்தவராம், பூமிக்குள் கிடக்கும் தாதுவுக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று திருச்சுழி வரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கீழே வரும் கணக்கில் ஓட்டை இருந்தால் அந்தத் தூக்கத்தைத் திட்டுங்கள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்க வேண்டும். மண்ணின் எடையால் பெருக்க வேண்டும். அதில் எத்தனை பங்கு தாது என்று பார்த்துப் பெருக்க வேண்டும். கடைசியில் சந்தை விலையால் ஒரு பெருக்கு. எங்கேயாவது கழிக்க வேண்டாமா என்று கேட்டேன். "கழிக்கிறதுக்கு முன்னாலேயே எல்லாருக்கும் சந்தோசம் வந்துருதுல்ல" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கதையை 1948-க்குத் தள்ளிக்கொண்டு போனது என் கோழைத்தனம். அன்றைக்கு ஸ்காண்டியத்துக்கு விலையும் கிடையாது, வாங்க ஆளும் கிடையாது. விலையே இல்லாத சரக்கின் கணக்கில் என்னை யார் வந்து மடக்கிவிட முடியும்?

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கரிசல் காடு வெயிலில் வெடித்துக் கிடந்தது. வானம் பார்த்த அந்தப் பூமியில் ஒரு—"

வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதைகள் எல்லாம் இப்படித்தான் வெடித்துக் கிடக்கின்றன. எழுதும் எனக்கே தண்ணீர் தவிக்கிறது.

இரண்டாவது: "ஜக்கம்மாளின் கிணற்றில் இருபத்தோராவது அடியில் தண்ணீருக்குப் பதிலாகக் கனத்த கறுப்பு மணல் வந்தது."

இது தேவலாம். இதிலேயே போவோம்.

3

ஜக்கம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். திருச்சுழிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் புஞ்சை. புருஷன் ஆண்டிச்சாமியும் அவளும் ஆடி பிறந்ததிலிருந்து கிணறு வெட்டுகிறார்கள். வெட்டியது வெறும் மண் கிணறு. ஐப்பசி அடைமழைக்குள் சுற்றிலும் கல்கட்டு கட்டி முடிக்காவிட்டால் கரை சரிந்து மொத்தக் குழியும் மூடிக்கொள்ளும். இன்னொரு தடவை வெட்ட அவர்கள் உடம்பில் தெம்பு இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நான் அப்பப்போ ஞாபகப்படுத்துகிறேன்.

கறுப்பு மணல் விஷயம் எப்படியோ மதராஸ் வரை போய், அங்கிருந்த சுரங்க இலாகா சங்கரபாண்டியன் என்ற இளைஞரை அனுப்பியது. ஆறு மாதத் தற்காலிக உத்தியோகம். பெரிதாக ஏதாவது அகப்பட்டால் காயமாகும், அதாவது நிரந்தரமாகும்.* அவர் மணலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், முகம் மலர்ந்தார். இதில் அருமண் வகையறா, அதாவது அபூர்வ உலோகத் தாது, இருக்கலாம், ஸ்காண்டியம்கூட இருக்கலாம் என்றார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வலை எரிவதெல்லாம் இந்த மாதிரி மண்ணால்தான் என்று விளக்கினார். மதிப்புப் போட்டு முடிக்கும்வரை கிணற்றில் கடப்பாரையோ கல்லோ விழக்கூடாது என்று ஒரு தாளையும் நீட்டினார். அப்போது ஆவணி பாதி.

* கதாநாயகனுக்கு நிரந்தர உத்தியோகம் கொடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். கொடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும்.

4

இந்த இடத்தில் வேங்கடபதி என்று பாளையம்பட்டி நூல் வியாபாரி ஒருவரைக் கொண்டுவந்தேன். புஞ்சையை அடிமாட்டு விலைக்குக் கேட்பார், மீசையை முறுக்குவார். ஒரு பக்கம் எழுதியதும் அவரே என்னைப் பார்த்து, 'என்னை எதுக்குய்யா கூப்பிட்டே, வந்ததுலேர்ந்து மீசையைத்தான் முறுக்கிக்கிட்டு இருக்கேன்' என்பதுபோல் நின்றார். பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன். வில்லன் இல்லாமலே இந்தக் கதைக்குப் போதுமான கேடு வரத்தான் போகிறது, அதுவும் நல்ல மனசால்.

5

சங்கரபாண்டியன் கூலி ஆட்களைப் புஞ்சையில் ஐந்து இடங்களில் குழி போடச் சொல்லி, குழிக்கு ஒரு பையாக மண் அள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, வீரசோழன் ஊர்ப் பக்கம் ஒரு பாறையைப் பார்க்கப் போனார். சாயங்காலம் திரும்பியபோது ஐந்து பைகளும் கைக்கடக்கமாக வாய் கட்டித் தயாராக இருந்தன. விருதுநகர் போய் மதராஸ் பரிசோதனைக்கு ரயிலில் ஏற்றினார்.

இருபத்தைந்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. சங்கரபாண்டியன் அதை மூன்று தடவை படித்தார். பிறகு பெருக்க ஆரம்பித்தார். அருமண் வகையறாவுக்கு அன்றைய விலையைப் போட்டார். ஸ்காண்டியத்துக்கு 'விலை இனிமேல்தான் வரும், வந்தால் மலைக்க வைக்கும்' என்று எழுதினார். மொத்தத்தில் அந்த மூன்று ஏக்கரின் மதிப்பு, எழுதிய காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி மேஜைக்குப் போனது. சைபர்களை எண்ணவே ஒரு கை விரல் போதவில்லை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி அறைக்குள் ஒரு குதி குதித்தார். நானும் கூடக் குதித்தேன் என்று சொல்ல வெட்கம் இல்லை. நல்ல தொகையைப் பார்த்தால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்!

6

புரட்டாசி கடைசியில் நல்ல சேதி சொல்ல அவரே புஞ்சைக்கு வந்தார். சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளும், வேறு இடத்தில் நிலம் தரும், கிணற்றை மறந்துவிடலாம் என்றார். ஆண்டிச்சாமி கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தான். ஜக்கம்மாள் அவருக்குக் கம்மங்கூழ் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"மண்ணு சுத்தமா இருந்துச்சா தம்பி? குறை ஒண்ணும் சொல்லலையே?"

என்ன சுத்தம் என்று கேட்டார்.

"தூசியும் தும்புமா அள்ளி வச்சிருந்தாங்க. அப்படியே ஒரு ஆபீசுக்குக் குடுத்து விட்டா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாக? அஞ்சு பையையும் சுளகுல போட்டுப் பொடச்சு, கொழிச்சு, கறுப்ப மட்டும் நிறுத்திக் குடுத்தேன். நீங்களும் சொமக்கணும்ல."

சங்கரபாண்டியன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

தானியம் யாருக்குக் கொடுத்தாலும் புடைத்துத்தான் கொடுப்பது அந்த வீட்டின் மானம். அள்ளி வைக்கச் சொன்னவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் போனது அவர் தப்பு, அவளுடையது இல்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

புடைத்ததில் எவ்வளவு நின்றது என்று மெதுவாகக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"மரக்கா மண்ணுக்கு ஒரு உழக்கு தேறுச்சு."

அந்த ஊர் மரக்காலுக்கு முப்பத்திரண்டு உழக்கு. ஆக, மதராஸில் சோதித்த கறுப்பு மணல் உண்மை மண்ணில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான்; பெருக்கியதையெல்லாம் முப்பத்திரண்டால் வகுக்க வேண்டும். அங்கேயே குந்தி, முழங்காலில் காகிதத்தை வைத்து வகுத்துப் பார்த்தார். மூன்று ஏக்கரையும் தோண்டிப் பிரிக்கும் கூலிக்குக்கூடத் தேறவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சமாக இல்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜக்கம்மாளும் விஷயம் புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தாள். விஷயம் புரிந்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். ஆண்டிச்சாமி மேட்டிலிருந்து எழுந்து வந்தான். எனக்கு இந்த மூன்று பேரையும் ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

7

முடிவுகள்.

(அ) அவர் முதல் கணக்கையே அனுப்புகிறார். பரிசோதனைத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்? உத்தியோகம் காயம். புஞ்சையைச் சுற்றி முள்கம்பி. கிணறு மழையில்— எழுத மனசு வரவில்லை.

(ஆ) வகுத்த கணக்கை அனுப்புகிறார். ஆறு மாதம் முடிந்து வீட்டுக்குப் போகிறார். இவர்கள் இரவு பகலாகக் கல் அடுக்கி, மேற்கொண்டு வெட்டி, முப்பதாவது அடியில் வெறும் பாறை.

(இ) அதே, ஆனால் தண்ணீர். இதை எழுதத்தான் கை பறக்கிறது. ஆனால் எழுத்தாளன் ஊற்றிய தண்ணீரில் கம்பு விளையுமா?

8

நடந்தவரை சொல்கிறேன். சிரித்து முடித்த பிறகு முதல் கணக்கும் வகுத்த கணக்குமாக இரண்டு தாள்களும் அவர் மடியில் இருந்தன. பேனா மூடியைத் திறந்தார். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆண்டிச்சாமி திரும்பிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான். கெஞ்சுவது அவனுக்கு வராது.

"ஒங்களுக்கு இந்த நெலம் எவ்வளவு பெறும்க்கா?" என்று சங்கரபாண்டியன் கேட்டார்.

"தண்ணி வந்த பெறகு கேளுங்க தம்பி. இப்ப எனக்கே தெரியாது."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு தாளையும் அவர் பேனாவையும் வாசகராகிய உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். உத்தியோகம் காயமாகப்போகிறது என்று அவர் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மேற்கே மழை இறங்கிவிட்டது, அவர்கள் ஒரு கல்கூட இன்னும் வைக்கவில்லை.