கடைசி வரிக்கும் கீழே

அச்சகத்தில் காகிதக் கட்டு வெட்டுகிறவனை எல்லோரும் கட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மெஷினில் இருப்பது ஒரே பிளேடு. அவன் கண்ணுக்குத் தெரிவது மூன்று. எது நிஜம் என்று குத்துமதிப்பாக முடிவு பண்ணிக்கொண்டுதான் பெடலை மிதிப்பான். பழைய மெஷின். மிதித்தால் இறங்கிவிடும், நடுவில் காகிதம் இருக்கிறதா கை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. கருவிழி கோணலாகிவிட்டது, எந்தக் கண்ணாடி போட்டாலும் சரிவராது என்று கண்ணாடிக் கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

விரல் பத்தும் உடம்போடு இருக்கும்போதே பார்சல் கட்டுகிற பக்கம் போய்விட வேண்டும். மேனேஜரிடம் போய் நின்றான்.

"கண்ணு தெரியலன்னு நீயே சொன்னா ஆச்சா? கம்பெனி டாக்டர் சொல்லட்டும். அன்னிக்கே மாத்தறேன்."

அந்த வாரம்தான் பெண்டாட்டியின் தம்பி, செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன், துள்ளிக்கொண்டு வந்தான். கையில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு, நடுவில் ஊசிமுனை ஓட்டை.

"மாமா, உன் கருவிழி குண்டும் குழியுமான ரோடு. வெளிச்சம் மொத்தமா வந்து விழுந்தா ஆளுக்கொரு பக்கம் தெறிச்சு ஓடுது. இந்த ஓட்டை ஒரே ஒரு கீத்தை மட்டும்தான் உள்ள விடும். வச்சுப் பாரேன்!"

வைத்தான். எதிரே பெண்டாட்டி. ஒரே மூக்கு, ஒரே வாய்.

"அடியே, இத்தனை நாளா மூணு பேரோட குடும்பம் நடத்தியிருக்கேன்டி!"

"மூணு பேரு வேலையையும் நான் ஒருத்திதானே பாத்தேன்" என்றாள் அவள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டரிடம் கிளம்பும்போது மட்டும் சொல்லி அனுப்பினாள்: "அங்க போயி பெருமை பீத்திக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையில், வெறுங்கண்ணால் முதல் எழுத்தைத் தாண்டவே திணறினான். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டைகள் போட்ட கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மச்சான் செய்த அதே சமாச்சாரம்! அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் வருஷக் கணக்காகக் 'குருட்டுப் பயலே' என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காது. எழுத்துகள் பளிச்சென்று வரிசை கட்டி நின்றதும் நாக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு வரியாக இறங்கினான். கடைசி வரியையும் முடித்தான். அதோடு விட்டானா? அதற்கும் கீழே, அட்டை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் படித்தான்.

"பிரமாதம்! உள்ள நரம்பெல்லாம் நல்லாருக்கு. கருவிழிதான் கோணல்" என்றார் டாக்டர்.

மறுநாள் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கடைசி வரிக்குக் கீழயும் படிச்சியாமே? டாக்டர் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. என்கிட்டயே டிராமா போடறியா?"

"அது ஓட்டை வழியா சார். ஓட்டை இல்லன்னா—"

"அப்ப ஓட்டை வழியாவே பாத்து வெட்டு. யாரு வேணாங்கறா?"

வீட்டில் பெண்டாட்டி சோற்றுத் தட்டை டங்கென்று வைத்தாள். மச்சான்தான் விடிவதற்குள் வெல்டிங் கண்ணாடிக்குக் கறுப்பு டேப் ஒட்டி, ஓட்டை போட்டு, மாட்டியும் விட்டான். மத்தியானம் அச்சகத்துக்கே ஓடி வந்தான்.

"எப்படி மாமா?"

"வெட்டற கோடு கத்தி மாதிரி தெரியுது. பிளேடும் ஒண்ணுதான்."

"பாத்தியா! நான் சொல்லல?"

"கைதான்டா தெரியல. சுத்தி ஒரே இருட்டு."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. "ஓட்டையைப் பெருசாக்கட்டுமா?"

"பெருசாக்கினா மறுபடி மூணு பிளேடுடா."

கையை வயிற்றோடு இழுத்து வைத்துக்கொண்டு மிதித்துப் பார்த்தான். பிடிக்க ஆளில்லாத கட்டு நழுவி, வெட்டு கோணலாக விழுந்தது.

"கையைக் கொடுத்துப் பிடிடா!" மேனேஜர் உள்ளேயிருந்து கத்தினார்.

கட்டர் இரண்டு கைகளையும் காகிதத்தின் மேல் வைத்தான். அவை எங்கே இருக்கின்றன என்று தடவித்தான் தெரிந்துகொண்டான். கோடு மட்டும் அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

மிதித்தான்.