குதிரை வீட்டுக்கு வந்த சிப்பாய்

1964 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பம்பாய் விக்ரோலியில் பெயின்ட் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் தொடங்கியது.

ஆடிய இருவரும் டெம்பரரி ஆட்கள். தாராவியிலிருந்து ஒன்றாக ரயிலேறி வருகிறவர்கள். ஜெயிக்கிறவனுக்குக் கம்பெனி அணியில் இடம், கூடவே வேலையும் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கலீலுல்லாவுக்குத் தெரிந்தது ஊர் ஆட்டம். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். சிப்பாய் எந்தக் காயின் வீட்டில் போய் ஏறுகிறதோ அந்தக் காயாகும். போட்டியில் இங்கிலீஷ் சட்டம். அதை ஆபீஸ் கிளார்க் ஜம்புவிடம் கற்றிருந்த கணேசபாண்டியன், போட்டிக்கு முந்தின வாரம் ரயிலில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தான். ராஜா தாவக் கூடாது, கோட்டை கட்டலாம், சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம்.

"வேற எதும் இருக்காவே?"

"அவ்வளவுதான்."

அப்போது அது பொய்யில்லை. மற்றது அவன் நினைவுக்கு வரவில்லை. கலீலுல்லாவும் முதல் மூன்று சுற்றுகளில், சிப்பாய் எதுவும் கடைசி வரிசை சேருமுன்பே எதிராளிகளை மடக்கிவிட்டான்.

இறுதி ஆட்டத்தில் அவன் சிப்பாய் சேர்ந்தது, குதிரை வீட்டில். அங்கே, பலகையிலேயே பலமான காயான மந்திரியை வைத்தால் மூன்றே நகர்த்தலில் கணேசபாண்டியனின் ராஜா செத்தான். கலீலுல்லா ஓரத்தில் கிடந்த வெட்டுப்பட்ட குதிரையை எடுத்துச் சட்டையில் துடைத்து வைத்தான்.

நடுவராக நின்ற ஜம்பு புருவத்தைத் தூக்கினார். "குதிரையா! ஏதோ பெரிய திட்டம் வச்சிருக்கார், பாருங்கோ" என்று மேனேஜரிடம் கிசுகிசுத்தார்.

திட்டம் ஒன்றுமில்லை என்பது அந்தக் கூடத்தில் கணேசபாண்டியனுக்கு மட்டுமே தெரிந்தது. 'எந்தக் காயும் எடுக்கலாம்வே' என்பது தொண்டை வரை வந்தது. மேனேஜர் தன்னைப் பார்ப்பதைக் கண்டான். தன் யானையை நகர்த்தினான்.

பதினோரு நகர்த்தல் கழித்துக் கலீலுல்லா ராஜாவைச் சாய்த்துக் கைகொடுத்தான். "சட்டமும் சொல்லிக்கொடுத்து, தோக்கவும் அடிச்சிட்டீரே!"

ஏப்ரலில் டெம்பரரி ஆட்களைக் குறைத்தார்கள். கலீலுல்லா தெற்கே மஸ்ஜித் பந்தரில் மூட்டை தூக்கப் போனான். மே கடைசியில் ஒரு காலை, சயனுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே, ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு போனவனைத் தண்டவாள ஓரக் கம்பம் அடித்துக் கொன்றது.

ஏப்ரலிலிருந்தே கணேசபாண்டியன் எதிர்த் திசையில் விக்ரோலிக்குத் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தான். இப்போது நெரிசலில் யாராவது தோளுக்குப் பின்னால் மூச்சுவிட்டால், 'வேற எதும் இருக்காவே?' என்று கேட்கப்போகிறார்கள் எனக் கழுத்து விறைத்தது. பிரஸ் மெஷினில் தகரத்தின் மேல் விழும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கை, குதிரையைத் துடைத்து வைப்பது தெரிந்தது.

ஜூன் மாதம் கலீலுல்லாவின் தம்பி ரஹ்மத்துல்லா அவனைத் தேடி வந்தான். "அண்ணாச்சி, மைனி ஒரு விசயம் கேக்கணுமாம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கலீலுல்லாவின் மனைவி நஜ்முன்னிசா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முகத்தில் விழிப்பதில்லை. குடிசையைக் குறுக்கே மறைத்திருந்த சேலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. இந்தப் பக்கம் ரஹ்மத்துல்லாவின் மடியிலிருந்த பலகையில், அந்த இறுதி ஆட்டத்தின் காய்கள் அடுக்கியிருந்தன.

"மவுத்தாகுறதுக்கு மொத நாள் வரைக்கும் அவுக இத வச்சு அந்த ஆட்டத்தயே ஆடிக்கிட்டு இருந்தாக. எங்க தப்பு பண்ணுனேன், எங்க தப்பு பண்ணுனேன்னு ஒரே கேள்வி. கடைசி வரைக்கும் ஆம்புடல. ஒங்கள நல்ல மனுசன்னு சொல்லுவாக. நீங்க சொல்லுங்க, எங்க தப்பு?"

ஏதாவது ஒரு நகர்த்தலைக் காட்டிவிட்டு எழுந்திருக்கலாம். சேலைக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது. கணேசபாண்டியன் விரலால் ஒரு யானையைத் தொட்டான். "இத இங்க..." என்று ஆரம்பித்தான். சேலை அசைந்தது, அவள் கேட்பதற்கு நெருங்கி உட்கார்ந்திருக்க வேண்டும்.

யானையை விட்டுக் குதிரையை எடுத்தான்.

"சிப்பாய் கடைசி வரிசைல ஏறினப்போ, இதுக்குப் பதிலா மந்திரி வச்சிருக்கணும். அப்படி வைக்கலாம்னு அவனுக்குத் தெரியாது."

"வச்சிருந்தா ஜெயிச்சிருப்பாகளா?"

"ஜெயிச்சிருப்பான்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேற சட்டம் உண்டான்னு அவுக கேக்கலியா?"

"கேட்டான்."

ரஹ்மத்துல்லா பலகையை மடியிலிருந்து இறக்கினான். "எந்திரிங்க அண்ணாச்சி" என்றான்.

மறுநாள் கணேசபாண்டியன் ஜம்புவின் மேஜைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். எதிராளிக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, முடிவை மாற்ற வழியில்லை என்றார் ஜம்பு.

ஜூலை முதல் தேதி கணேசபாண்டியனின் வேலை நிரந்தரமானது.