கையுறைப் பெட்டி

படம் எடுத்து முடிந்ததும் சூப்பர்வைசர் திருப்பதி அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தான். கொட்டை உடைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக நீல நிறக் கையுறையைக் கழற்றி அதில் போட்டார்கள். போட்டதும் கொட்டை எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பல் சட்டியில் கையை முக்கி எடுத்து, மறுபடியும் முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டத் தொடங்கினார்கள்.

"பாத்துக் கழட்டுங்கத்தா. கிழிஞ்சா அடுத்த போட்டோவுக்கு எங்கிட்டுப் போறது?" என்றான் திருப்பதி.

"போட்டோவுக்கு இருக்க கைதான் கையி. வேலைக்கு இருக்கது கையா?" என்றாள் சொர்ணம். பெண்கள் சிரித்தார்கள். செல்போனைப் பிடித்திருந்த சிவரஞ்சனி சிரிக்கவில்லை. வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் அவளைப் பெற்ற செவந்தி.

செவந்தியின் வலது கை கையுறைக்குள் நுழையவே இல்லை. கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் தார் பூசினாற்போல் கறுத்து, வெடித்து, வீங்கிக் கிடந்தன. ரேகை எப்போதோ அழிந்துபோனது. ரேஷன் கடை மெஷின் அவளை ஓர் ஆள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் அவள் படத்துக்கு உட்கார்ந்திருந்தாள்.

கந்தர்வக்கோட்டைக்கு வெளியே தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த முந்திரித் தொழிற்சாலையின் முதலாளி உதயசூரியனுக்கு, தொழில்காரர்கள் படமும் பதிவும் போடும் லிங்க்ட்இன் தளத்தின் மேல் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. சென்னையில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: வெளிநாட்டுக்காரன் பருப்பைப் பார்த்து வாங்கமாட்டான், ஆளைப் பார்த்துத்தான் வாங்குவான், அதனால் முதலில் உங்கள் முகத்தை அங்கே வளருங்கள் என்று. அன்றிலிருந்து மனிதர் முகத்தை வளர்க்கிறார். வளர்ப்பவள் சிவரஞ்சனி. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஆபீசில் பில் போட வந்தவள், 'என் தொழிலாளர்களே என் தாய்மார்கள்' என்று அவர் பேரில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ் மேடம்', 'வெல்கம் சார்' இரண்டும்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அன்றைய படத்தை அங்கே போட்டதும், கீழே யாரோ கேட்டுவிட்டார்கள்: மூன்றாவது அம்மாவின் முந்தானைக்கு வெளியே தெரிகிற விரல் ஏன் அப்படிக் கறுத்திருக்கிறது?

உதயசூரியன் சிவரஞ்சனியை அறைக்குள் கூப்பிட்டார்.

"அந்தக் கமெண்ட்ட அழிச்சிரும்மா. அப்பறம், ஒங்கம்மா திங்கக்கெழமையிலேருந்து வர வேணாம். கைக்கறை பருப்புல ஒட்டுதுன்னு திருப்பதியும் சொல்றான். நீயே பக்குவமாச் சொல்லிரு. நாஞ்சொன்னா நல்லாருக்காது."

"அந்தக் கறை இங்க வேலை பாத்து வந்ததுதான சார்?"

"இல்லேங்கல. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ஒன் வேலைக்குப் பங்கமில்ல."

தாயை வேலையை விட்டு நிறுத்த மகளின் வாயையே கேட்கிறானே பாவி! சிவரஞ்சனி சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

செய்தி கேட்டு செவந்தி அழவில்லை. "காளி கோயிலுக்குப் போவோம். காசு வெட்டிப் போட்டுட்டு வருவோம். அவ கேக்கட்டும்" என்றாள். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லிக் கல்லில் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டால் காளி சும்மா விடமாட்டாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

"கோயிலுக்கு எதுக்கும்மா? அவன் மூஞ்சிய வளத்தவ நாந்தான. அந்த மூஞ்சியிலயே கரியப் பூசுறேன், பாரு" என்றாள் சிவரஞ்சனி.

மறுநாள் தான் எழுதியதை முதலாளிக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தையைக்கூட மறைக்கவில்லை. 'என் தொழிற்சாலையில் கையுறை இல்லாத கை ஒன்றுகூடக் கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் எந்த நாளும் நேரில் வந்து பார்க்கலாம்.'

உதயசூரியனுக்குப் புல்லரித்துப் போனது. "'சொல்லாமக்கொள்ளாம வரலாம்'னு சேத்துக்கம்மா. அப்பத்தான் கெத்தா இருக்கும்."

சேர்த்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மாலைக்குள் பதில் வந்துவிட்டது. நெதர்லாந்தில் முந்திரி வாங்கும் கம்பெனியைச் சேர்ந்த மர்லீன் என்ற பெண் சென்னைக்கு வந்திருக்கிறாளாம். வியாழக்கிழமை நேரில் வருகிறாளாம்.

வியாழக்கிழமை காலையில் எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்கள். போட்டுப் பழகாத கைகள். ரப்பருக்குள் விரல் வழுக்கியது, கட்டை கொட்டையில் விழாமல் கல்லில் விழுந்தது, பருப்பெல்லாம் நொறுங்கியது. மர்லீன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எத்தனை நாளாகக் கையுறை போடுகிறீர்கள் என்று சொர்ணத்திடம் கேட்டாள். சிவரஞ்சனி அதைத் தமிழில் சொன்னாள்.

சொர்ணம் முதலாளியைப் பார்த்தாள். "வேலைக்கு வந்த நாளாப் போடுறோம்னு சொல்லுத்தா. எம் பொழப்புல மண்ணப் போட்டுறாத" என்றாள் தணிந்த குரலில்.

சிவரஞ்சனி மர்லீன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினாள். "வேலை போய்விடும் என்று இந்த அம்மா பயப்படுகிறார். அதனால் நான் சொல்கிறேன். இன்று காலையில்தான் கொடுத்தார்கள். நீங்கள் போனதும் வாங்கிவிடுவார்கள். நிஜமான கையைப் பார்க்க வேண்டுமா? வாசலில் என் அம்மாவை வரச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்."

"எஸ் மேடம், எஸ் மேடம்" என்றார் பக்கத்தில் நின்ற உதயசூரியன்.

செவந்தி உள்ளே வந்ததும்தான் ஏதோ கோளாறு என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. மர்லீன் அந்தக் கறுத்த கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. செல்போனை உயர்த்தி, ஈரக் கண்ணும் கறுத்த கையும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். இன்றோடு ஒழிந்தாய் நீ என்று மனசுக்குள் கொக்கரித்தாள் சிவரஞ்சனி.

மறுநாள் முதலாளியின் மேசையில் லட்டுப் பெட்டி திறந்திருந்தது. "ஒண்ணு எடுத்துக்க. அந்தம்மா என்னமோ பெருசாப் போட்ருக்கு. படிச்சுச் சொல்லும்மா."

மர்லீனின் லிங்க்ட்இன் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். சிவரஞ்சனி படித்தாள். 'ஓர் ஏழைத் தொழிலாளியின் இந்தக் கை என்னை மாற்றிவிட்டது. எதையும் ஒளிக்காமல் கதவைத் திறந்துவைத்த திரு. உதயசூரியனின் துணிச்சலை வணங்குகிறேன். இனி மாற்றத்தை நாங்கள் சேர்ந்தே கொண்டுவருவோம்.'

"அவகிட்ட நீ என்னதாம்மா சொன்ன? உருகிப்போயிட்டா! ஆர்டரையும் கூட்டிக் குடுத்துட்டா. ஒங்கம்மாவ நாளைக்கு வரச் சொல்லு."

"வேலைக்கா சார்?"

"வேலைக்கு எப்படிம்மா, கறை ஒட்டுமே. போட்டோவுக்கு."

எடுத்த லட்டைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு சிவரஞ்சனி வெளியே வந்தாள். திருப்பதி கையுறைகளை உதறி உதறிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். வெறுங்கைகள் சாம்பலில் முங்கி எழுந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

வீட்டில் செவந்தி செல்போனை வாங்கி, தன் கையின் படத்தைப் பெரிசாக்கிப் பார்க்க முயன்றாள். திரைக் கண்ணாடி அந்த விரலுக்கு அசைந்துகொடுக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மகளிடமே கொடுத்தாள்.

"அந்தப் புள்ள அழுதுச்சேத்தா."

"அழுதாம்மா. அதையும் சேத்துத்தான் படம் புடிச்சுக்கிட்டா."

செவந்தி எழுந்து, அரிசிப்பானைக்குள் கையை விட்டு ஒரு ரூபாய்க் காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மறுபடியும் கையை விட்டாள்.

"ரெண்டு எதுக்கும்மா?"

"அவ பேரு என்னன்னு சொன்ன? என் வாயில நொழையிற மாதிரிச் சொல்லிக் குடு. காளிகிட்ட மாத்திச் சொல்லிறக் கூடாது."

இரண்டாவது காசு விரலில் நிற்காமல் நழுவித் தரையில் உருண்டது. சிவரஞ்சனி அதை எடுத்து, அந்தக் கறுத்த உள்ளங்கையில் வைத்து, மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.