மீன் முத்திரை

எங்கள் துப்பாக்கிப் பட்டறைக்குப் பின்னால் நாகடக் ஆறு உறைந்து கிடந்தது. விடியுமுன்பே எங்கள் அரங்கள் உராயத் தொடங்கிவிட்டன. கையுறை போட்டால் எஃகின் போக்கு கைக்குத் தெரியாது, வெறுங்கைதான். விரல் வெடிப்புகளில் எண்ணெய் இறங்கி எரியும். தேய்த்து, ஊதி, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்துத்தான் ஒரு ‘ரென்’ உருவாகும். சட்டைப்பையில் அடங்கிவிடும் கைத்துப்பாக்கி அது. பணக்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். செய்த எங்களில் ஒருவருக்கும் அதை வாங்க வக்கில்லை.

பொருத்தி முடித்ததும், பிடிக்கு அடியில் அவரவர் அடையாளத்தைப் பஞ்ச் என்ற இரும்பு அச்சை வைத்துக் குத்துவோம். எனக்குச் சாவி. பக்கத்து மேசை மிலாக்ரோஸுக்கு மீன். சுட்டுப் பார்த்த பிறகு குத்துவதல்லவா முறை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வேலை மேல் எங்களுக்கு அவ்வளவு திமிர். சுடுவதற்கு முன்பே குத்திவிடுவோம்.

அந்தத் திமிர்தான் எங்களைக் கவிழ்த்தது. பழைய முதலாளி பட்டறையை ஹால்வர்சன் என்ற பெரிய துப்பாக்கிக் கம்பெனிக்கு விற்றுவிட்டு ஃப்ளோரிடா வெயிலுக்குப் போய்விட்டார். மணிக்கூலி போய் உருப்படிக்கூலி வந்தது. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு, தெற்கே அவர்களுடைய ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. விளம்பரத்தில் மட்டும் எங்கள் முத்திரைகளைப் பெரிதாகப் போட்டார்கள்.

அரம் வைத்ததுமே இரும்பு மோசம் என்று தெரிந்துவிட்டது. ஓரிடத்தில் வழுக்கியது, பக்கத்திலேயே பொதுக்கென்று இறங்கியது. புது மேனேஜர் ப்ரூயிட்டிடம் சொன்னோம்.

“உங்களைப் பொருத்தத்தான் சொன்னேன், ருசி பாக்கச் சொல்லல” என்றார்.

செவ்வாய்க்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம், முடிந்த துப்பாக்கிகளைச் சோதிக்கும் டெஸ்மண்ட் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வெடி மட்டும் வேறு மாதிரி கேட்டது. ஓடினோம். ஸ்லைடு பிளந்து கிடந்தது. டெஸ்மண்டின் இரண்டு விரல்கள் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. உடைந்த பிடிக்கு அடியில் மீன்.

மறுநாள் காலை ப்ரூயிட் மிலாக்ரோஸை அறைக்குள் கூப்பிட்டார். பலகைத் தடுப்புதான், எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

“உன் முத்திரை, உன் தப்பு. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலாம்.”

“இரும்பு மோசம்னு நாங்க முன்னாடியே சொன்னோம் சார்.”

“மதியம் இன்சூரன்ஸ்காரர் வர்றாரு. டெஸ்மண்ட் வீட்டுல தானே மருந்து அடைச்ச தோட்டாவக் கொண்டுவந்து போட்டான், நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிடு. வேலை உனக்கு நிலைக்கும். உம் பையனுக்கு ஊசி மருந்து கம்பெனி காப்பீட்டுலதானே வருது?”

திரும்பி வந்தவள் அரத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவள் மகன் மாத்தேயோவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

“சொல்லிடலாம்னு இருக்கேன், வாண்டா” என்றாள் என்னிடம்.

“பொய் சொன்னா டெஸ்மண்டுக்கு நஷ்டஈடா ஒரு சல்லிக்காசு வராதுடி.”

“தெரியும். நீ வந்து எம் பையனுக்கு ஊசி போடுவியா? வாய் மட்டும் நல்லாப் பேசுது!”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் அல்ல. ஒருத்தி மகனைக் காட்டி இன்னொருத்தன் விரலை விலை பேசுகிறானே, அந்த மனுஷன் மேல். எதிர் மேசை பிரோனிஸ்லாவ் வாயே திறக்காத ஆள். அவன் எழுந்து வந்து அவள் மேசையிலிருந்த மீன் பஞ்சை எடுத்துக்கொண்டு போனான். தான் முடித்து வைத்திருந்த துப்பாக்கியில், தன் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தான்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் மிலாக்ரோஸ்.

“அந்த ஸ்லைடு எனக்கு வந்திருந்தா நானும் அப்படித்தான் பொருத்தியிருப்பேன். தப்புன்னா எல்லார் தப்பும்தான்.”

பஞ்ச் என்னிடம் வந்தது. என் சாவிக்குப் பக்கத்தில் குத்தினேன். அடுத்த மேசைக்குக் கொடுத்தேன். கூடம் முழுக்கச் சுத்தியல் சத்தம். ப்ரூயிட் வெளியே ஓடிவந்தார்.

“என்ன கூத்து இது? யார் செஞ்சதுன்னு இனி எப்படித் தெரியும்?”

“நாங்கதான் செஞ்சோம். எழுதிக்குங்க” என்றேன்.

“எல்லாரையும் வெளிய தள்ளிப் பட்டறையத் தெற்கே கொண்டுபோயிடுவேன்!”

“எப்படியும் கொண்டுபோகத்தானே வந்தீங்க?” என்றான் பிரோனிஸ்லாவ்.

வாசலில் இன்சூரன்ஸ்காரரின் கார் வந்து நின்றது. மிலாக்ரோஸ் கை துடைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். நாங்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் போனோம். ப்ரூயிட் கதவைச் சாத்தப் பார்த்தார். பிரோனிஸ்லாவின் பூட்ஸ் இடையில் இருந்தது.

அவள் இன்சூரன்ஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள். “டெஸ்மண்ட் பட்டறைத் தோட்டாவத்தான் போட்டான். ஸ்லைடு மோசம். முன்னாடியே சொன்னோம்.”

“சொன்னோம்” என்றோம் நாங்கள்.

சாயங்காலம் வெளியே வரும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாளை கதவு திறக்குமா, மாத்தேயோவுக்கு மருந்து வருமா, எதுவும் தெரியாது. தெரியாமலே டெஸ்மண்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மீன் பஞ்ச் என் பையிலேயே தங்கிவிட்டிருந்தது. எடுத்து நீட்டினேன். மிலாக்ரோஸ் வாங்கவில்லை.

“உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு யார் மேல பழி போடுவாங்களோ, அவங்களுக்கு வேணும்.”

பிரோனிஸ்லாவின் காரில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம்.