ராய்ஸ் பூட்டிவைத்த முத்திரை

கவர்னர் என் பெயருக்குக் கொடுத்த முத்திரையை ஒரு பழைய கார் வியாபாரி தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறான் என்றால், அந்தத் திமிரை என்னவென்று சொல்வது? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வெர்னா. எங்கள் வடக்கு ஃப்ளோரிடாவில் நோட்டரி ஆவதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆள் எதிரே வந்து நிற்க வேண்டும், அவர்தான் அவர் என்று நான் பார்க்க வேண்டும், என் கண்முன்னே கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் முத்திரை. கல்யாணமும் செய்துவைக்கலாம், அந்த உரிமையும் எங்களுக்கு உண்டு. ராய்ஸ் ஹேஸ்க்யூவின் கார் கடையில் கணக்கெழுதிக்கொண்டே இதையும் செய்துவந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, அவித்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே ராய்ஸ் ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினான். லமார் டியூக்ஸ் தன் பிக்கப் வண்டியை ராய்ஸுக்கு எழுதிக்கொடுப்பதாகப் பத்திரம். லமார் இறால் படகில் கடலுக்குப் போயிருப்பது ஊருக்கே தெரியும்.

“ஆள் எங்க, மிஸ்டர் ராய்ஸ்?”

“ஆள் எதுக்கு? கையெழுத்துதான் இருக்குல்ல. குத்து.”

“கடல்ல இருக்கறவரு கையெழுத்து இங்க எப்படி வந்துச்சு? மீன் கொண்டாந்து குடுத்துச்சா?”

வாசலில் நின்ற மெக்கானிக் சிரித்துவிட்டான். அதுதான் ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை.

“சம்பளம் நான் குடுப்பேன், சட்டம் நீ பேசுவியா? நாளையிலிருந்து வராத, போ!”

பையை எடுத்தேன். அதற்குள் மேசைமேல் இருந்த என் முத்திரையைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டான். “இதுக்குக் காசு கட்டினது நான். இது கடைச் சொத்து.”

யார் காசு கட்டியிருந்தாலும் முத்திரை நோட்டரியுடையது, வேலையை விட்டுப் போகும்போது முதலாளியிடம் கொடுக்கவே கூடாது என்று சட்டத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சொன்னேன்.

“அப்போ உன் சட்டத்தையே வந்து இழுப்பறையைத் திறக்கச் சொல்லு” என்றான்.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. இமோஜீன்.

“வெர்னா, சீக்கிரம் வாடி. ரொம்ப நேரம் தாங்காதுன்னு நர்ஸ் சொல்றா. பர்விஸ் உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

பர்விஸ் க்ரூஸும் இமோஜீனும் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே அந்த மனுஷன் காலத்தை ஓட்டிவிட்டான். ஜார்ஜியாவில் இருக்கும் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு இமோஜீன் இன்றுவரை ‘அந்தப் பொம்பளை’தான். வீடு பர்விஸ் பெயரில். மனைவி என்று ஆகிவிட்டால் சாகும்வரை அவளை அங்கிருந்து யாரும் கிளப்ப முடியாது. ஆகாவிட்டால் அவளுக்கு ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. கல்யாணத்துக்கு அனுமதி தரும் லைசென்ஸைக் கோர்ட் ஆபீசில் வாங்கி வைத்திருந்தார்கள், அதற்குள் அவன் படுத்துவிட்டான். நான் செய்துவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெட்கத்தை விட்டு ராய்ஸிடம் கெஞ்சினேன். “ஒரு மனுஷன் சாகக் கெடக்கான். அதை மட்டும் குடுங்க.”

அவன் லமாரின் பத்திரத்தைத் தட்டிக்காட்டினான். “இதுல ஒரு குத்து. அப்புறம் எடுத்துட்டுப் போய் ஊருக்கே கல்யாணம் பண்ணி வை.”

பொய் சொல்வானேன், என் கை பேனாவிடம் போய்விட்டது. அந்தப் பாவி அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “பாத்தியா, எல்லாரும் வழிக்கு வருவீங்க” என்று பல்லைக் காட்டினான்.

பேனாவைக் கடலைத் தட்டில் வீசினேன். ஆள் முக்கியமா, முத்திரை முக்கியமா? எதிரே நின்று இருவரும் சம்மதம் சொன்னால் கல்யாணம் ஆயிற்று. முத்திரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

“அதை வச்சு நீயே நாக்கு வழிச்சுக்கோ, ராய்ஸ்” என்றேன். மிஸ்டரெல்லாம் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் பர்விஸ் குச்சியாகக் கிடந்தான். நர்ஸும் பாதிரியார் மனைவியும் சாட்சிக்கு நின்றார்கள்.

“பர்விஸ், இமோஜீனைக் கட்டிக்கிறியா?”

“முப்பது வருஷமா மாட்டிக்கிட்டுத்தானே கெடக்கேன்… சரி, கட்டிக்கிறேன்.”

“இதை அப்பவே சொல்லித் தொலைச்சா என்னவாம்!” என்று இமோஜீன் அழுதுகொண்டே அவன் தோளில் தட்டினாள். லைசென்ஸில் நான் கையெழுத்துப் போட்டேன். முத்திரைக்கான இடம் காலியாக இருந்தது.

ஞாயிறு காலையில் பர்விஸ் போய்விட்டான். திங்களன்று பிள்ளைகள் வந்தார்கள். பெரியவன் முதல் வேலையாக வாசற்பூட்டை மாற்றினான், இமோஜீனின் துணிமணிகளைக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்தான். நானும் இமோஜீனும் கல்யாணத்தைப் பதியக் கோர்ட் ஆபீசுக்கு ஓடினோம். முத்திரை இல்லாமல் பதிய முடியாது என்று திருப்பிவிட்டார்கள். இமோஜீனைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே ராய்ஸ் கடைக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அந்தத் துணிந்த கட்டை லமாரின் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினான். “நீ இல்லாட்டி வேலை நடக்காதுன்னு நெனச்சியா?”

அதில் என் முத்திரை. அதன் கீழே அவன் கோணல் கையெழுத்தில் என் பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது.

“இதை நான் எப்போ குத்தினேனாம்?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம். தேதி போட்டிருக்குல்ல.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பர்விஸ் கட்டில் பக்கத்துல நின்னு இவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன். நர்ஸ் பாத்தா, பாதிரியார் சம்சாரம் பாத்தா. அப்போ இங்க குத்தினது யாருடா? என் பேயா?”

ராய்ஸின் முகம் வெளுத்துவிட்டது. சாவியைத் தேடி இழுப்பறையைத் திறந்து முத்திரையை என் பக்கம் தள்ளினான். “எடுத்துக்கோ. இதோட சரியாப் போச்சு. நீயும் பேசாத, நானும் பேசல.”

“என் பொருளை எனக்குக் குடுக்க பேரம் வேறயா?” முத்திரையோடு லமாரின் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். அவன் பாய்ந்து எழுந்தான்.

என் பக்கத்தில் நின்ற இமோஜீன், “உக்காரு” என்றாள். உட்கார்ந்துவிட்டான்.

வெயிலில் கொதித்த கார் பானெட்டின்மேல் லைசென்ஸை விரித்து முத்திரையை அழுத்திக் குத்தினேன். கோர்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த சின்னப் பெண் வாங்கிப் பார்த்துப் பதிந்துகொண்டாள்.

“முடிஞ்சுதுங்க, மிஸஸ் க்ரூஸ். உங்க வீட்டுக்காரருக்காக ரொம்ப வருத்தப்படறேன்.”

இமோஜீன் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். “என்ன பேரு சொன்னே?”

“மிஸஸ் க்ரூஸ்… தப்பாச் சொல்லிட்டேனா?”

“இல்லம்மா. இன்னொரு வாட்டி சொல்லு.”

அவள் சொன்னாள். இமோஜீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “வா, வெர்னா. என் வீட்டுப் பூட்டை மாத்தினவனை நான் பாக்கணும்.”

“போலீஸ் ஷெரீஃப் ஆபீஸ் கீழ்மாடியிலதான்” என்றேன். லமாரின் பத்திரம் என் கையிலேயே இருந்தது. “இதையும் காட்டிட்டு, ஷெரீஃபையும் கூட்டிக்கிட்டே போவோம்.”