கறுப்பு ஃப்ரேம், பழுப்பு ஃப்ரேம்

அந்தக் கண்ணாடிக் கடைக்கு முதலாளிகள் இரண்டு பேர், முகம் ஒன்றுதான். ஒரே கருவில் உண்டான இரட்டையர். மூத்தவன் கறுப்பு ஃப்ரேம் போடுவான், இளையவன் பழுப்பு. தெருவில் அவர்களுக்குப் பெரிய கண்ணாடி, சின்ன கண்ணாடி என்றே பெயர். சில நிமிடம் முந்தி வந்தான் என்பதற்காக ஒருவனை ஆயுள் முழுக்க அண்ணா என்று கூப்பிட முடியாது என்பது சின்னவனின் கொள்கை. கோபம் வந்தால் மட்டும் அந்த மரியாதையைக் கொடுப்பான்.

பின்னறை பெரியவனுக்கு: லென்ஸ் உரசுவது, ஃப்ரேமில் பொருத்துவது. முன்னறை சின்னவனுக்கு: கண் பரிசோதனை. இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் திறமை அல்ல, முகம். கண் காட்ட வருகிறவர்கள் எழுத்துப் பலகையைவிடப் பரிசோதிப்பவனின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அவன் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், சொன்ன எழுத்தை மாற்றிவிடுவார்கள். கண்ணாடி போடக் கூடாது என்ற வைராக்கியத்தில் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பலகையையே மாற்றிய பிறகும் பழைய வரியைக் கணீரென்று ஒப்பித்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உண்டு. சின்னவன் சிரிக்கவில்லை. அவன் முகம் பூட்டிய கடை. பெரியவன் முகமோ விளம்பரத் தட்டி. பொய் சொன்னால் காது சிவக்கும். சொல்லலாமா என்று யோசித்தாலே சிவக்கும்.

அந்தக் காதுதான் இப்போது குடும்பப் பிரச்சினை.

அவர்களுடைய அப்பாவுக்கு நடுவயதில் கை தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் எதிரே நிற்பது யார் என்பதும் போனது. பரம்பரையாக இறங்கும் நோய். பிள்ளைக்கு வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு என்றார்கள். மற்ற வீடுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டப்படும். இங்கே ஒரே கரு. இருவருக்கும் சேர்த்து ஒரே நாணயம்தான். அதுவும் பிறப்பதற்கு முன்பே விழுந்தாயிற்று. ஒருவன் குனிந்து பார்த்தால் இருவருடைய கதையும் தெரிந்துவிடும்.

குனிந்து பார்ப்பதென்று பெரியவன் முடிவு செய்துவிட்டான். இந்த நோயைக் கொண்டுவரும் மரபணுவின் வாயை அடைக்கும் ஒரு புதிய சிகிச்சையை ஓர் ஆராய்ச்சி மையத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நோய் தலைகாட்டும் முன்பே, பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் சேர்த்தார்கள். பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிட மேல் என்றான் பெரியவன்.

சின்னவனும் முடிவு செய்துவிட்டான். அவனுக்குத் தெரிய வேண்டாம்.

"நோய் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே அப்பா பயந்துட்டார்டா. தாத்தாவைப் பார்த்தவர் இல்லையா" என்றான். "கையிலருந்து ஸ்பூன் விழுந்தா நாம குனிஞ்சு எடுப்போம். அவர் உக்காந்து யோசிப்பார். இந்தக் கடையில ஒரு நாளைக்கு எத்தனை ஸ்க்ரூ விழுது. எனக்கு ஸ்க்ரூ விழுந்தா அது வெறும் ஸ்க்ரூவா இருக்கணும். அவ்வளவுதான்."

பெரியவனின் மனைவி குறுக்கே வந்தாள். "மருந்துன்னு ஒண்ணு வந்தும் வேண்டாம்னா, அது என்ன வீம்பு தம்பி?"

"வீம்பு இல்ல அண்ணி. கேக்கணும்னு தோணுனா நானே வந்து கேக்குறேன். அதுவரைக்கும் யாரும் எனக்கு நல்லது பண்ண வேண்டாம்."

மையத்தின் பெண் ஆலோசகர், ரத்தம் எடுக்கும் முன் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். தெரிந்துகொள்ளும் உரிமையைத் தம்பி தடுக்க முடியாது என்று பெரியவனிடம் சொன்னார். தெரியாமல் இருக்கும் உரிமையை அண்ணன் பறிக்க முடியாது என்று சின்னவனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரே இருக்கைக்கு இரண்டு பேருக்கு டிக்கெட் கிழித்துவிட்ட நடத்துநரைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்களே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், பிறகு ஊசி எடுக்கிறேன் என்பதுதான் அவர் தீர்ப்பு.

வழியைச் சின்னவன் கண்டுபிடித்தான். மையத்தில் சிகிச்சை நாள் மாதத்தின் முதல் திங்கள்கிழமை. முடிவு எதுவானாலும் அன்று பெரியவன் கடைக்கு வரக் கூடாது. சிகிச்சை என்றால் சிகிச்சைக்குப் போகட்டும். சிகிச்சை இல்லையென்றாலும் எங்காவது போய்ப் பொழுது சாய்ந்துதான் திரும்ப வேண்டும்.

"சும்மா எங்கடா போய் உக்கார்றது?"

"அது உங்க கவலை, அண்ணா."

மரியாதை வந்துவிட்டதால் பெரியவன் அதற்குமேல் பேசவில்லை.

காதுக்கு வைத்தியம் அண்ணி சொன்னாள்: முடி வளர்ப்பது. பெரியவன் வளர்த்தான். காது மறைந்தது, பார்ப்பதற்குக் கலைந்துபோன இசைக்குழுவில் மிஞ்சியவன் போல இருந்தான். முகத்துக்குச் சின்னவன் பயிற்சி கொடுத்தான். எதுவும் நடக்காதவன் போல இருடா என்றால், பெரியவன் வயிறு சரியில்லாதவன் போல இருந்தான். அண்ணிக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. கணவனின் பாட்டைக் கல்யாணமான நாளிலிருந்து முகம் மாறாமல் கேட்டுவருகிறவள்.

பெரியவன் ரத்தம் கொடுத்தான். சில வாரம் போயிற்று. ஒரு மதியம் பெரியவன் ஃப்ரேம் வாங்க வெளியே போயிருந்தான். ஆலோசகர் ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டே கடைக்குள் வந்தார். பேருந்து நெரிசலில் அவருடைய கண்ணாடி கீழே விழ, பின்னால் வந்தவர் சிந்தாமல் சிதறாமல் அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார். தெரிந்த கடை இது ஒன்றுதான் என்று வந்துவிட்டார்.

சின்னவன் அவரை நாற்காலியில் உட்காரவைத்தான். லென்ஸ்களைச் செருகிப் பார்க்கும் கனத்த ஃப்ரேமை மூக்கில் மாட்டினான். முதல் லென்ஸைக் கையில் எடுத்தபோது ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். ரிசல்ட் வந்துடுச்சு. நாளைக்கு வரச் சொல்லணும், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசிடலாம். தம்பி பக்கத்துல இல்லையே?"

சின்னவன் கையில் லென்ஸ் அப்படியே நின்றது. அவர் கண்ணுக்குக் கறுப்பும் தெரியவில்லை, பழுப்பும் தெரியவில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் பேசுவார், என்ன பேசினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. பூட்டிய கடைக்குள் இன்னொரு சரக்கு. இத்தனை நாள் வேண்டாம் என்று சொன்னவனுக்குள்ளிருந்து எவனோ ஒருவன் எழுந்து, கூச்சமில்லாமல் கையை நீட்டினான். சின்னவனின் முகம் அன்றுதான் முதன்முதலாகக் கடை நேரத்தில் மாறியது. நல்ல வேளையாக அதைப் பார்க்க எதிரே இருந்தவருக்குக் கண் தெரியவில்லை.

"தம்பிதான் மேடம் பேசுறேன்" என்றான்.

ஆலோசகரின் திறந்த வாய் திறந்தபடி நின்றது. அந்த முகம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கும் முன் சின்னவன் கை சுவரைத் தடவி விளக்கை அணைத்துவிட்டது. பலகையில் மட்டும் வெளிச்சம்.

"மேல இருந்து படிங்க மேடம். எழுத்தைத் தவிர வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

ஆலோசகர் படித்தார். குரல் நடுங்கியது. அது வெட்கத்தினால்தானா என்று ஆராய்வதற்குச் சின்னவன் தன்னை அனுமதிக்கவில்லை. இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே கடைசி வரிவரை போனான். கடைசிவரைக்கும் இருட்டுதான்.

மறுநாள் காலை பெரியவனும் அண்ணியும் மையத்துக்குப் போனார்கள். அவர்கள் திரும்பும் நேரம் நெருங்கியபோது சின்னவன் தன் பழுப்பு ஃப்ரேமைக் கழற்றி மேசை டிராயரில் வைத்து மூடினான். முகம் முதல் பார்வையில்தான் கசியும். ஒரு நாள் தாண்டிவிட்டால் தானாகக் காய்ந்துவிடும். முன்னறை வேலை கற்றுக்கொடுத்தது அது. கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு உலகம் மழையில் நனைந்த சுவரொட்டி.

கதவில் இரண்டு கறைகள் தெரிந்தன. உயரமான கறை நேராகப் பின்னறைக்குப் போயிற்று. லென்ஸ் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. குட்டையான கறை, "சாப்டீங்களா தம்பி?" என்றது. பாட்டு கேட்கும்போது இருக்கும் அதே குரல். சின்னவன் மனதுக்குள் அண்ணிக்கு நூற்றுக்கு நூறு போட்டான்.

வேலை நின்றால் மனம் வேலை செய்யும் என்று தடவித் தடவி ஒரு ஃப்ரேமை எடுத்து அதன் காதுக் கம்பியின் ஸ்க்ரூவை இறுக்கப் பார்த்தான். கடுகளவு ஸ்க்ரூ விரலிலிருந்து நழுவித் தரையில் டிங் என்றது. அவன் மண்டியிட்டுத் துழாவினான். பின்னறையில் மெஷின் நின்றது. உயரமான கறை வந்து பக்கத்தில் மண்டியிட்டது. தோளோடு தோள் இடித்தபோதுதான், கறையின் முகத்திலும் கறுப்பாக எதுவும் இல்லை என்று சின்னவனுக்குத் தெரிந்தது.

"நீ ஏன்டா கழட்டின?"

"உன் முகத்தைப் பார்த்தா என் முகம் மாறிடும்டா" என்றான் பெரியவன். "தேடு, தேடு."

இருவரும் தேடினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்றாவதாக ஒரு கறை வந்து நின்றது. கண்ணாடிக் கடையின் நடுவில் ஒரே முகமாக இரண்டு முதலாளிகள் குருடர்களைப் போலத் தரையைத் தடவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். இங்கே கண் டெஸ்ட் பண்ணுவார்களா என்று சந்தேகத்தோடு கேட்டது.

"பண்ணுவோம், உக்காருங்க" என்றான் சின்னவன், தரையிலிருந்து நிமிராமல். "ஒண்ணுமில்ல, ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு."